புதுக்கோழியும் பழங்கூடும்

தைப்பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்கள் இருந்தன. வாரச் சந்தைக்குச் சென்றிருந்த என் மாமா, கால்கள் பிணைக்கப்பெற்ற மூன்று பெட்டைக் கோழிகளை மிதிவண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு மாலையில் வந்து சேர்ந்தார். மூன்றும் நல்ல உடற்கட்டு வாய்ந்தவை. இறகுகள் பளபளத்தன, கொண்டைகள் சிவந்திருந்தன. "அக்கா, இவை பதினைந்து நாளில் முட்டையிடத் தொடங்கிவிடும், பாருங்கள்" என்று கூறியவாறே கட்டுகளை அவிழ்த்து அவற்றைக் கொல்லையில் விட்டார்.

அக்கொல்லையில் என் அன்னையாரின் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. 11 பெட்டைகள், ஒரு சேவல். எங்கள் வீட்டில் அவை வெறும் பறவைகள் அல்ல. நெல் விற்ற பணம் தந்தையாரின் கைக்கு வரும்; வந்த வேகத்தில் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும். முட்டை விற்ற காசு ஒன்றே அன்னையார் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளத்தக்க பணம். விளக்குக்கு மண்ணெண்ணெய், எங்களுக்குக் குறிப்பேடு, காய்ச்சல் கண்டால் மருந்து ஆகிய யாவும் அக்காசிலிருந்தே வந்தன. அவ்வாண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துவந்தேன். கணிதக் கருவிப்பெட்டி ஒன்று வாங்கித் தருவதாக அன்னையார் வாக்களித்திருந்தார்.

புதுக்கோழிகள் தரையில் கால் வைத்த மறுகணமே போர் மூண்டது. பழைய கோழிகள் கழுத்திறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு ஓடி வந்தன. புதியவை வேலியோரம் பதுங்கின, துரத்தப்பட்டன, கொண்டையில் குருதி சிந்தின. அன்னையார் விளக்குமாற்றுக் குச்சியுடன் இரண்டு நாள்கள் அவற்றின் நடுவே நின்றார். மூன்றாம் நாள் சண்டை தணிந்தது. எல்லாம் ஒன்றாக மேயத் தொடங்கின. "இனிக் கவலை இல்லை" என்று நாங்கள் எண்ணினோம்.

ஆறாம் நாள் காலையில் புதுக்கோழிகளுள் ஒன்று கூட்டை விட்டு இறங்கவில்லை. கண்களை மூடி, இறகுகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. அதன் கழிச்சல் பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. மறுநாள் அது மாண்டது. அடுத்த வாரத்தில் பழைய கோழிகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. சில வாயைத் திறந்தவாறே மூச்சுக்குத் தவித்தன. மூன்று வாரங்களில் 15 கோழிகளுள் இரண்டே எஞ்சின. எங்கள் கொல்லையோடும் அத்துன்பம் நிற்கவில்லை. இரு வீடுகள் தள்ளித் தனியே வாழ்ந்துவந்த மூதாட்டி ஒருவரின் கோழிகளும் மாண்டன. அவர் எங்களை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அதன் பிறகு பல நாள் அன்னையார் அவ்வழியாக நீர் எடுக்கச் செல்வதில்லை.

நாங்கள் செய்த தவறு யாது? சண்டையைக் கண்டோம், அதனையே துன்பம் என்று கருதினோம், அதனை நிறுத்துவதில் முனைந்தோம். கண்ணுக்குப் புலப்படாத ஒன்று அம்மூன்று கோழிகளோடு வந்திருந்ததை நாங்கள் நினைத்தும் பார்க்கவில்லை. இருக்கும் கோழிகளோடு புதிய கோழிகளைச் சேர்ப்பவர்க்கு எதிர்ப்படும் இடர்கள் இரண்டு. ஒன்று நோய், மற்றொன்று பூசல். பூசல் ஆரவாரத்தோடு வருவதால் எல்லாரும் அதனைப் பற்றியே கேட்கின்றனர். ஆயினும் முதலில் எண்ணத்தக்கது நோயே ஆகும்.

எங்கள் கோழிகளை மாய்த்த நோயை நாட்டுப்புறத்தார் வெள்ளைக்கழிச்சல் என்பர். கால்நடை மருத்துவ நூல்கள் அதனை ராணிக்கேத் நோய் என்று குறிக்கின்றன. 1926-ஆம் ஆண்டில் சாவகத் தீவிலும், இங்கிலாந்து நாட்டு நியூகாசில் நகரிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. அதனையடுத்து நம் நாட்டில் இமயமலைச் சாரலில் குமாவுன் பகுதியிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரில் காணப்பட்டமையால் இங்கு அவ்வூரின் பெயரே நோய்க்கு அமைந்தது. அழகிய மலையூர் ஒன்றின் பெயர் இவ்வாறு கோழிகளின் சாவோடு ஒட்டிக்கொண்டது அவ்வூரின் குற்றமன்று.

இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். நோயுற்ற கோழியின் எச்சத்திலும், மூக்கிலும் வாயிலும் ஒழுகும் நீரிலும் அது வெளிப்படுகின்றது. தண்ணீர்ச் சட்டி, தீவனம், நம் கைகால்கள், கூடை, சாக்கு ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டும் பரவுகின்றது. வைரஸ் உடலுள் புகுந்த அன்றே நோய் வெளிப்படுவதில்லை. பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு நாள்கள் ஆகும்; சிலவற்றில் இரண்டே நாளில் தோன்றும்; சிலவற்றில் பதினைந்து நாள்வரையிலும் மறைந்திருக்கும். சந்தையில் பல ஊர்க் கோழிகள் ஒரே இடத்தில் நெருக்கி வைக்கப்படுகின்றன. அங்கு நோயைப் பெற்ற கோழி, பளபளக்கும் இறகும் சிவந்த கொண்டையுமாக நம் வீட்டிற்கு வந்து சேர்வது எங்ஙனம் என்பது இதனால் விளங்கும். என் மாமா ஏமாற்றப்படவில்லை. அவர் வாங்கிய நாளில் அக்கோழிகள் நன்றாகவே இருந்தன.

நோய் வந்த பின்னர் இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு. கால்நடை மருந்தகங்களில் அதனைப் பெறலாம். ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். தடுப்பு மருந்து கொடுத்த அன்றே கோழிக்குக் காப்பு வந்துவிடாது. உடல் அதற்குரிய எதிர்ப்பாற்றலை ஆக்கிக்கொள்ள ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வேண்டும். காலையில் ஊசி போட்டு மாலையில் கூட்டில் சேர்ப்பதால் பயன் விளையாது.

வெள்ளைக்கழிச்சல் ஒன்று மட்டுமன்று. கோழி அம்மை உண்டு. அதனைக் கொசுக்களும் பரப்புகின்றன. குஞ்சுகளை வாட்டும் இரத்தக்கழிச்சல் உண்டு. சளி நோயிலிருந்து தேறிய கோழிகள் சில, தாம் நலமாயிருந்துகொண்டே பிறவற்றுக்கு நோயைத் தரவல்லவை. பேனும் செல்லும் இறகுகளுள் மறைந்து வரும்.

இவை யாவற்றுக்கும் ஒரே வாயிற்காவல் தனிமைப்படுத்துதல் ஆகும். புதிய கோழிகளை முப்பது நாள்கள் பழைய கோழிகளின் மேய்ச்சலுக்கு அப்பால் வைத்தல் வேண்டும். முப்பது நாளா என்று வியப்பவர் உண்டு. மறைந்திருக்கும் நோய் வெளிப்படுதற்கும், தடுப்பு மருந்து பயன் தருதற்கும், பேன் முதலியவற்றை ஒழித்தற்கும் அத்துணைக் காலம் வேண்டியுள்ளது. ஒரே கொல்லையில் இடையே ஒரு தட்டி வைப்பது தனிமையாகாது. வீட்டின் மறுபுறத்திலோ, கோழி வளர்க்காத அண்டை வீட்டாரின் வெற்றுத் தொழுவத்திலோ வைத்தலே முறை. அவற்றின் தீவனத் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் வேறாக இருத்தல் வேண்டும். நாள்தோறும் பழைய கோழிகளை முதலிற் கவனித்துவிட்டு, அதன் பின்னரே புதியவற்றிடம் செல்லுதல் நன்று. திரும்பியதும் கைகளையும் கால்களையும் சவுக்காரம் இட்டுக் கழுவுதல் வேண்டும். இம்முறையை மாற்றிச் செய்தால் நம் கால்களே நோயைச் சுமந்து செல்லும் வண்டியாகிவிடும்.

அம்முப்பது நாள்களில் கோழியைக் கையில் எடுத்துப் பார்க்கப் பழகவேண்டும். கண்ணில் நுரை உண்டா? மூக்கில் நீர் வடிகின்றதா? மூச்சு விடுகையில் கரகரவென்ற ஒலி கேட்கின்றதா? இறக்கையின் அடியிலும் எச்சத்துவாரத்தைச் சுற்றியும் இறகுகளை விலக்கிப் பார்த்தால் பேன் ஓடுவது தெரியும். இறகின் அடித்தண்டில் வெண்மையாகத் திரண்டிருப்பவை அவற்றின் முட்டைகள். கால்களின் செதில்கள் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தால் அங்கே செல் குடியிருக்கின்றது என்று அறியலாம். இங்ஙனம் நாள்தோறும் தூக்கிப் பார்ப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. கோழி நம் கைக்குப் பழகிவிடும். பின்னர்ப் பூசல் நேரும்போது அதனைப் பிடித்து எடுப்பது எளிதாகும்.

இனிப் பூசலைப் பற்றிக் காண்போம். இதற்கு முதலில் கோழிகளின் சமுதாயம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும்.

நார்வே நாட்டில் தோர்லைஃப் ஷெல்டெருப் எப்பே என்பவர் சிறுவராயிருந்த காலத்திலேயே கோழிகளை உற்று நோக்கும் வழக்கம் உடையவர். எந்தக் கோழி எதனைக் கொத்துகின்றது என்று குறித்துவைப்பது அவருக்கு விளையாட்டு. அவ்விளையாட்டே வளர்ந்து ஆராய்ச்சியாயிற்று. 1922-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை விலங்கியல் உலகில் ஒரு புதிய கருத்தை நிலைநாட்டியது. ஒரு கூட்டிலுள்ள கோழிகள் மனம்போனபடி ஒன்றையொன்று கொத்துவதில்லை. முதற்கோழி மற்ற எல்லாவற்றையும் கொத்தும். அதனை எதுவும் கொத்தாது. இரண்டாங்கோழி முதற்கோழிக்கு மட்டும் வழிவிட்டு, ஏனையவற்றைக் கொத்தும். இவ்வாறே வரிசை கீழே இறங்கும். கடைக்கோழியோ எல்லாவற்றிடமும் கொத்துப்படும். தான் கொத்துதற்கு ஒருவரும் இலர். இதனைக் கொத்தும் வரிசை என்று அறிஞர் வழங்குவர். சில கூடுகளில் இவ்வரிசை நேர்க்கோடாக இராமல் வளைந்துகொள்வதும் உண்டு. கறுப்பி செவலையை விரட்டும். செவலை புள்ளியை விரட்டும். அந்தப் புள்ளியோ கறுப்பியை விரட்டும்!

இவ்வரிசையைக் கொடுமை என்று நினைத்தல் கூடாது. உண்மையில் அதுவே கூட்டின் அமைதிக்கு அடிப்படை. ஒவ்வொன்றும் தன் இடத்தை அறிந்துகொண்டபின் நாள்தோறும் சண்டையிட வேண்டுவதில்லை. மேற்கோழி தலையை உயர்த்தி நோக்கினாலே போதும், கீழ்க்கோழி விலகிவிடும். தவிடு வைத்த சட்டியின் அருகே அரைமணி நேரம் அமைதியாக நின்று பார்த்தால், உங்கள் வீட்டுக் கோழிகளின் வரிசையை நீங்களே எழுதிவிடலாம். இதற்குக் கருவி எதுவும் வேண்டா. ஒரு தாளும் எழுதுகோலும் பொறுமையும் போதும்.

ஒன்றையொன்று அடையாளம் காணும் திறன் இவ்வரிசைக்கு இன்றியமையாதது. கோழிகள் பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் கொண்டே ஒன்றையொன்று அறிகின்றன. கொண்டையின் தோற்றம் மாறிப்போன கோழியை அதன் பழைய தோழிகளே அயலாள் எனக் கருதித் தாக்குவதுண்டு. சில வாரங்கள் பிரித்து வைக்கப்பட்டுத் திரும்பி வரும் கோழிக்கும் அந்நிலையே நேரும். அதனாலேதான் நோயுற்ற கோழியை நெடுநாள் பிரித்து வைத்து, நலமடைந்தபின் மீண்டும் சேர்க்கும்போதும் புதுக்கோழியைச் சேர்ப்பது போன்ற எச்சரிக்கை வேண்டும்.

இவ்வளவும் அறிந்தபின், புதியது ஒன்று வந்ததும் போர் மூளுவது ஏன் என்பது தெளிவு. வந்தவளுக்கு வரிசையில் இடம் இல்லை. அவள் யாருக்கு மேல், யாருக்குக் கீழ் என்பது தெரியும்வரை ஒவ்வொரு கோழியும் அவளோடு அதனை முடிவு செய்தாகவேண்டும். மூன்று புதியவை வந்தால் கேள்விகள் மும்மடங்காகின்றன. இன்றைய வீட்டுக் கோழிகளின் மூதாதையாகிய செங்காட்டுக்கோழி, காடுகளில் சிறுசிறு குழுக்களாகவே வாழ்கின்றது. (நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படும் சாம்பல்நிறக் காட்டுக்கோழி வேறோர் இனம்.) காட்டில் தோற்ற கோழி புதரில் ஓடி மறைந்துவிடலாம். வேலியிட்ட கொல்லையில் ஓடுவதற்கு இடம் ஏது? அங்கே தோற்றது ஓடியும் தப்ப முடியாமையால், வென்றது மேலும் மேலும் தாக்குகின்றது. பூசலைப் படுகொலையாக மாற்றுவது கோழியின் குணத்தைவிட நாம் கொடுக்கும் இடத்தின் குறுக்கமே என்பது என் கருத்து.

அமைதி குலைந்தால் முட்டையும் குறையும். அமெரிக்க விலங்கியல் அறிஞர்களாகிய குல், அல்லி இருவரும் 1944-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். சில கூட்டங்களில் அதே கோழிகளை மாற்றாமல் வைத்தனர். வேறு சிலவற்றில் கோழிகளை அடிக்கடி எடுத்தும் புதியவற்றைப் புகுத்தியும் வந்தனர். மாறாத கூட்டத்துக் கோழிகள் குறைவாகக் கொத்திக்கொண்டன, மிகுதியாக உண்டன, மிகுதியாக முட்டையிட்டன. ஆகவே மாதந்தோறும் ஒவ்வொரு கோழியாக வாங்கிச் சேர்ப்பதைவிட, வேண்டியவற்றை ஒரே முறையில் வாங்கிச் சேர்ப்பதே சிறந்தது.

சண்டையை விலக்கவேண்டுமா, விடவேண்டுமா? இக்கேள்வி பழையது. குறுந்தொகையில் ஒரு பாடல் பாடிய புலவர்க்குக் குப்பைக்கோழியார் என்பது பெயர். குப்பைமேட்டில், தூண்டுவாரும் இன்றி விலக்குவாரும் இன்றித் தாமே பொருது தாமே ஓயும் கோழிகளின் போரைத் தலைவியின் துயருக்கு உவமையாக எடுத்தாண்டமையால் அவர் அப்பெயர் பெற்றார். புலவர் கண்டது முற்றிலும் உண்மை. கோழிகளின் பூசல் தானே முடிதற்குரியது. ஒவ்வொரு முறையும் குச்சியோடு புகுந்து விலக்கினால் முடிவு தள்ளிப்போகுமே யன்றிப் பூசல் தீராது. என் அன்னையார் இரண்டு நாள் நின்று பெற்ற பயன் அவ்வளவே. ஆனால் குருதி கண்டுவிட்டால் வேறு. சிவப்பு நிறம் கோழிகளை ஈர்க்கும். ஒன்று கொத்திய புண்ணை எல்லாம் கொத்தும். அந்நிலையில் காயமுற்றதை உடனே எடுத்துப் புண்ணைத் தூய்மை செய்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, ஆறும்வரை தனியே வைத்தல் வேண்டும்.

பூசலை அடியோடு தவிர்த்தல் இயலாது. அதனை மென்மையாக்குதல் இயலும். அதற்குரிய சிறந்த கருவி நம் நாட்டு வீடுகளிலேயே உண்டு. அதுதான் பஞ்சாரம். மூங்கிற் பிளாச்சுகளை இடைவெளி விட்டுப் பின்னிய அக்கூடையைக் கவிழ்த்து, அதனுள் புதுக்கோழிகளைப் பகலில் கொல்லையின் நடுவே வைக்கவேண்டும். பழைய கோழிகள் சுற்றிச் சுற்றி வரும். பிளாச்சின் இடையே நோக்கும். ஓரிரு முறை கொத்த முயலும். அலகு எட்டாது. இரண்டு மூன்று நாளில் அவற்றுக்கு அக்காட்சி பழகிப்போகும். ஒரு வாரம் சென்றபின் பஞ்சாரத்தின் அருகிலேயே படுத்து மண்ணிற் புரளும். பார்க்கலாம், தீண்ட முடியாது என்னும் இந்நிலையே அறிமுகத்தின் பெரும்பகுதியை முடித்துவிடுகின்றது. கோழிகள் பலவாயின் பஞ்சாரம் போதாது. கொல்லையின் ஒரு பகுதியைக் கம்பிவலையால் தடுக்கலாம். வெயிலில் நிழலும் நீரும் இன்றிப் பஞ்சாரத்தை வைத்துவிட்டு மறந்துபோவோரும் உண்டு. அது சண்டையினும் கொடிது.

பின்னர் ஒரு மாலையில், கூடடைய இரண்டு மணி நேரம் இருக்கும்போது, எல்லாவற்றையும் திறந்த வெளியில் ஒன்றாக விடவேண்டும். குறுகிய கூட்டினுள் முதற்சந்திப்பு நிகழ்தல் கூடாது. கீரைத் தண்டு, கம்பு, அரிசி நொய் முதலியவற்றைப் பல இடங்களில் இறைத்துவிட்டால் அலகுகளுக்கு வேறு வேலை கிடைக்கும். தீவனத் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் ஒன்றுக்கு இரண்டாக, ஒன்றிலிருந்து நோக்கினால் மற்றொன்று தெரியாதவாறு அமையட்டும். இல்லையேல் முதற்கோழி ஒன்றே இரண்டையும் காவல் காக்கும். சாய்த்து வைத்த ஓலைத்தட்டி, கவிழ்த்த கூடை, விறகுக் குவியல் ஆகியவை ஓடி ஒளிவதற்கு உதவும்; இரு வழியும் திறந்திருத்தல் வேண்டும், மூலையில் மாட்டிக்கொள்ளுதல் கூடாது. கூட்டின் குறுக்குக் கழியில் ஒரு கோழிக்கு ஒரு சாண் அளவேனும் இடம் வேண்டும்.

இரவில் உறங்கும்போது புதியவற்றைக் கழியில் வைத்துவிட்டால், விடிந்ததும் பழையவை வேறுபாடு அறியா என்று நாட்டுப்புறத்தார் கூறுவர். இருளில் கோழிகளுக்குப் பார்வை மிகக் குறைவு. ஆதலால் இரவில் பூசல் நேராது என்பது மெய். ஆனால் விடிந்ததும் கண் தெரியுமே! தனிமையும் பஞ்சாரமும் முடிந்தபின் இம்முறையைக் கைக்கொண்டால் நன்மை உண்டு. அவற்றுக்கு மாற்றாக இதனைக் கொள்ளுதல் கூடாது. அன்று பொழுது புலருமுன்பே எழுந்து கூட்டைத் திறந்துவிடுதலும் வேண்டும்.

ஒரே ஒரு கோழியைச் சேர்ப்பது யாவற்றினும் கடினம். கொத்து முழுவதும் அதன் மேலேயே விழும். இரண்டு அல்லது மூன்றாகச் சேர்த்தால் கொத்துப் பங்கிடப்படும், துணையும் இருக்கும். ஒரு பழங்கோழி மட்டும் ஓயாது துன்புறுத்துமாயின், அடிபடுவதை எடுப்பதைவிட அடிப்பதை எடுத்து நான்கைந்து நாள் தனியே வைத்தல் நலம். அது திரும்பி வரும்போது வரிசை மாறியிருக்கும். அதன் செருக்கும் ஓரளவு அடங்கியிருக்கும். சேவல்களின் செய்தி வேறு. கட்டுச்சேவல் இனமாகிய அசில் போன்றவற்றுள் இரண்டு வளர்ந்த சேவல்களை ஒன்றாக விடுவது, ஒன்றின் சாவுக்கு நாள் குறிப்பதாகும்.

குஞ்சுகளைச் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். பருவமடையாத குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடலாகாது. ஏறத்தாழ அவற்றின் உருவத்தை எட்டும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். தீவனமும் ஒரு காரணம். முட்டைக்கோழித் தீவனத்தில் ஓடு உண்டாவதற்காகச் சுண்ணாம்புச் சத்து 100 பங்குக்கு மூன்றரை முதல் நான்கு பங்குவரை கலந்திருக்கும். வளரும் கோழிக்கு வேண்டுவது ஏறத்தாழ ஒரு பங்கே. மிகுதியான சுண்ணாம்பு இளங்கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டு வயதினவும் ஒன்றாக மேயுமிடத்தில் வளர்கோழித் தீவனத்தையே பொதுவாக வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனித்தட்டில் வைத்தால் வேண்டியது தானே கொத்திக்கொள்ளும்.

பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளாயின் அடைக்கோழியைப்போலச் சிறந்த துணை வேறில்லை. இரவில் அதன் இறக்கையின் கீழ் மெல்லச் செருகிவிட்டால் பெரும்பாலும் தன் குஞ்சுகளாகவே ஏற்றுக்கொள்ளும். அதன் பின்னர் அறிமுகம் முழுவதையும் அத்தாயே பார்த்துக்கொள்ளும். வரிசையில் கடைசியிலிருந்த பெட்டையும் குஞ்சுகள் உடனிருக்கும்போது முதற்கோழியை எதிர்த்து நிற்பதை நான் கண்டிருக்கின்றேன்.

என் அன்னையார் மீண்டும் கோழி வாங்குதற்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆயின. மாண்டவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைத்திருந்தோம். கூட்டின் பழைய கழிகளை எரித்தோம். தரையைச் சுரண்டி வெள்ளையடித்தோம். வெயில் உள்ளே விழுமாறு கூரையைப் பிரித்து வைத்தோம். எஞ்சிய இரண்டனுள் ஒன்று கறுப்பி. மற்றொன்று கழுத்துச் சிறிது கோணிய செவலை. கால்நடை மருத்துவர் கூறியவாறு, தடுப்பு மருந்து கொடுக்கப்பெற்ற நான்கு விடைக்கோழிகளைச் சந்தையில் அன்றி, ஒரே வீட்டிலிருந்து வாங்கினோம். அவற்றை வைக்க இடம் வேண்டுமே! கோழி இல்லாத கொல்லை அத்தெருவில் ஒன்றே இருந்தது. அன்னையார் ஒரு மாலை முழுவதும் தயங்கி, பின்னர் எழுந்து, அம்மூதாட்டியின் வீட்டிற்குச் சென்றார். அங்கே என்ன பேசினர் என்பதை நான் அறியேன். திரும்பி வந்து, "நாளைக்குக் கோழிகளை அங்கே கொண்டுபோய் விடு" என்றார்.

முப்பது நாள்கள் மூதாட்டியே அவற்றுக்குத் தீவனம் வைத்தார். அதன் பிறகு எங்கள் கொல்லையில் ஒன்பது நாள் பஞ்சாரம். பத்தாம் நாள் மாலை அதனைத் தூக்கினோம். கறுப்பி ஓடி வந்தது, கழுத்தைச் சிலிர்த்தது, முன்னே நின்ற விடைக்கோழியை இரண்டு முறை கொத்தியது. அது தலையைத் தாழ்த்தி விலகியது. அவ்வளவே. நான் கையில் எடுத்த குச்சியை அன்னையார் வாங்கிக் கீழே போட்டார்.

நான்கனுள் கடையதாகிய சாம்பல்நிறக் கோழி மட்டும் ஒரு வாரம்வரை கழியில் ஏறவில்லை. வாயிலருகே தரையிலேயே உறங்கிற்று. எட்டாம் நாள் இரவு கூட்டை அடைக்கச் சென்ற அன்னையார் அரிக்கேன் விளக்கை உயர்த்திப் பார்த்து என்னை அழைத்தார். கழியின் கோடியில், செவலையின் பக்கத்தில், அது உட்கார்ந்திருந்தது. மார்கழியில் அது முட்டையிடத் தொடங்கியபோது, முதல் ஆறு முட்டைகளை ஒரு சிறு கூடையில் வைத்து என் கையிற் கொடுத்து, இரு வீடுகள் தள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருமாறு அன்னையார் கூறினார். அடுத்த மாதம் எனக்குக் கணிதக் கருவிப்பெட்டி வந்தது.